டைனோசருக்கு ஒரு ஷிப்ட் நோட்டு

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது படிப்பதற்காக அல்ல. நான் எட்டாவது. என் மனைவி பன்னிரண்டாவது. அதற்கு மேல் படிக்கும் எண்ணம் இரண்டு பேருக்கும் இல்லை.

தண்டலத்தில் கல்லூரிப் பிள்ளைகளை நம்பி பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர் கடையை மூடினார். எல்லார் கையிலும் ஃபோன் வந்துவிட்டது. என்கூட வேலை செய்கிறவனுக்கு அவர் சொந்தம். சாமான்களை ஏற்றி இறக்க ஆள் இல்லை என்று எங்கள் இரண்டு பேரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார். ஏற்றி முடித்ததும், "இதுல ஒன்னு எடுத்துனு போப்பா. ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்றார். எடுத்துக்கொண்டு வந்தேன்.

"இன்னாத்துக்கு மாமா இது?" என்று மனைவி கேட்டாள்.

"தெரியல."

"தெரியாமயா தூக்கினு வந்தீங்க?"

வடக்குப்பட்டில் ஒன்றரை அறை வாடகை வீடு. ரைஸ் குக்கர் இருந்த மேஜையில் கம்ப்யூட்டரை வைத்தேன். ரைஸ் குக்கர் தரைக்கு இறங்கியது.

உள்ளே இருந்ததையெல்லாம் கடைக்காரர் அழித்துவிட்டிருந்தார். ஒரே ஒரு படம் மட்டும் திரையில் மிச்சம் இருந்தது. பல்லைக் காட்டும் டைனோசர். அதை அமுக்கினேன். ஆட்டம் திறந்தது.

ஒரு தீவு. அதில் ஒரு பெரிய ஆராய்ச்சிக் கட்டடம். வேலை செய்தவர்கள் செத்துக் கிடக்கிறார்கள். கட்டடம் முழுக்க டைனோசர். துப்பாக்கி வைத்திருக்கும் ஒரு பெண்ணும் கூட வந்த இரண்டு ஆண்களும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். நாம் ஓட்ட வேண்டியது அந்தப் பெண்ணை. குண்டு குறைவு. மருந்து அதைவிடக் குறைவு. எந்தக் கதவைத் தொட்டாலும் பூட்டு. சாவி தேட வேண்டும், பூட்டுக்கு நம்பர் கண்டுபிடிக்க வேண்டும், உயிரோடு வெளியே வர வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

டிவியில் மாட்டி, கைப்பிடியை வைத்துக்கொண்டு ஆடும் பெட்டிக்காகச் செய்தது அது. பிறகு கம்ப்யூட்டருக்கு மாற்றியிருக்கிறார்கள். அரைகுறை மாற்றம். 'நாலாம் பட்டனை அமுக்கு' என்று திரையில் வரும். கீபோர்டில் எது நாலாம் பட்டன்? நம்பர் நாலை அமுக்கினால் ஒன்றும் நடக்காது. ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தோம். சுடுவது இது, மேப் இது, ஓடுவது இது. கம்பெனியில் சரக்கு அடுக்கும் பேலட்டில் இருந்து கிழித்துப் போட்ட மஞ்சள் டேப்பை நான் கொண்டு வந்தேன். மனைவி துண்டு துண்டாக வெட்டி, நம்பர் எழுதி ஒட்டினாள். மேல் மூலையில் இருக்கும் பட்டனில் கை பட்டால் ஆட்டம் கேட்காமலே மூடிக்கொள்ளும். அதன்மேல் ஒரு சோடா மூடியைக் கவிழ்த்து ஒட்டினேன். கம்பெனியில் தொடக்கூடாத சுவிட்சுக்கு அப்படித்தான் மூடி போடுவோம்.

நடக்கும் விதமும் வேறு. இடது பட்டனை அமுக்கினால் அந்தப் பெண் இடது பக்கம் போகமாட்டாள். நின்ற இடத்திலேயே திரும்புவாள். பிறகு மேல் பட்டனை அமுக்கினால்தான் நடப்பாள். கூட வேலை செய்கிறவன் வந்து ஆடிப் பார்த்தான். கால் மணி நேரம் சுவரில் முட்டிக்கொண்டிருந்தான். "இன்னாடா இவ, சரக்கு போட்டவ மாதிரி போறா" என்றான். எனக்கு அது கஷ்டமாக இல்லை. பன்னிரண்டு வருஷமாக ஃபோர்க் லிஃப்ட் ஓட்டுகிறேன். முதலில் திருப்பு, நேர் செய், அப்புறம் போ. நான் பழகியது அதுதான்.

முதல் சில ஞாயிற்றுக்கிழமைகள் சேர்ந்து ஆடினோம். நான் ஓட்டினேன். இங்கிலீஷ் எழுத்துகளை அவள் படித்தாள், பூட்டின் நம்பரைக் கணக்குப் போட்டுச் சொன்னாள். ஒரு தடவை "மாமா, பின்னாடி!" என்று அவள் கத்தியதில் வீட்டுக்கார அக்கா ஓடி வந்துவிட்டார்.

"இன்னாடி, பாம்பா?"

"இல்லக்கா. டைனோசர்."

"அது எங்கடி இங்க வந்துச்சு?" என்று உட்கார்ந்தார். அரை மணி நேரம் பார்த்தார். "கருமம், ஆஃப் பண்ணுங்க" என்று எழுந்தவர் வாசல் வரை போய்த் திரும்பி, "அந்தக் கதவுக்குப் பின்னாடி இன்னா கீது?" என்று கேட்டார்.

பிறகு அந்த ஃபோன் வந்தது.

மனைவி வேலை செய்வது காருக்கு ஒயரிங் செய்யும் கம்பெனியில். ஒயரின் முனையில் தகடு வைத்து அழுத்தும் மிஷினில் இருக்கிறாள். லைன் லீடர் ஆக வேண்டும் என்று மூன்று வருஷமாக ஆசை. எனக்கும் தெரியும். அதற்கு டெஸ்ட் எழுதியிருந்தாள்.

மதியம் மூன்று மணி இருக்கும். சரக்கு ஏற்றும் டாக்கில் டிரெய்லர் லாரி நின்றுகொண்டிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். வண்டியை ஓரம் கட்டி ஃபோனை எடுத்தேன்.

"சார், உங்க மிஸஸ் கம்பெனி எச்.ஆர்.ல இருந்து பேசறேன். அவங்க லைன் லீடர் செலக்ட் ஆகியிருக்காங்க. ஓசூர் பிளான்ட்ல ஆறு மாசம் ட்ரெயினிங். ஹாஸ்டல் நாங்களே குடுப்போம். வீட்ல ஓகேவா சார்?"

"வேணாம்" என்றேன்.

"யோசிச்சு சொல்லுங்க சார், நல்ல சான்ஸ்..."

"வேணாம்மா."

வைத்துவிட்டு லாரியில் சரக்கு ஏற்றப் போனேன்.

பெண்களை வெளியூருக்கு அனுப்புவதாக இருந்தால் வீட்டைக் கேட்பது இங்கே வழக்கம். கல்யாணம் ஆகாதவள் என்றால் அப்பாவை. ஆனவள் என்றால் புருஷனை. எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனாலும் கேட்பார்கள்.

அவளிடம் நான் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் நாள் அவள் சூப்பர்வைசர், "உங்க வூட்லதான் வேணான்னுட்டாங்களே" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை என்னைக் கேட்டாள்.

"எச்.ஆர். ஃபோன் பண்ணாங்களா?"

"ம்."

"வேணாம்னீங்களா?"

"ஆமா."

"ஏன்?"

நான் தண்ணீர் எடுத்துக் குடித்தேன்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

டம்ளரைக் கீழே வைத்தேன்.

அவள் கத்தவில்லை. அழவும் இல்லை. பாத்திரம் கழுவப் போனாள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு இருக்கும். டப்பா கட்டி இருக்கும். துணி மடித்து இருக்கும். பேச்சு மட்டும் இருக்காது.

பேசாமல் இருப்பது எங்களுக்குச் சுலபம். அவள் காலை ஷிப்ட் என்றால் நான் மதிய ஷிப்ட். அடுத்த வாரம் மாறிக்கொள்ளும். ஒருவர் கம்பெனி பஸ் ஏறும்போது இன்னொருவர் தூங்கிக்கொண்டிருப்போம். ஞாயிறு மட்டும்தான் இரண்டு பேரும் விழித்த கண்ணோடு வீட்டில் இருப்போம். இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்ததே அந்த ஒரு நாளில்தான் என்று அப்போது தெரிந்தது. அவள் மறுபடி பேசுவாளா என்பது ஒன்றுதான் எனக்குக் கவலை. வேறு எதுவும் இல்லை.

இரண்டாவது வாரம். காலை எழுந்தபோது கீபோர்டின் மேல் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. கம்பெனியில் ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்டுக்கு எழுதி வைப்பார்களே, அந்த மாதிரி கோடு போட்டு எழுதியிருந்தாள்.

*முடிஞ்சது: ஜெனரேட்டர் ரூம் சாவி.*
*பாக்கி: நீலக் கதவு.*
*பிரச்சினை: மருந்து ஒன்னுதான் இருக்கு. படிக்கட்டுக்குக் கீழ ஒன்னு நிக்குது.*
*குறிப்பு: குண்டை வீணாக்கக் கூடாது.*

அவள் தனியாக ஆடியிருக்கிறாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உட்கார்ந்து ஆடினேன். படிக்கட்டுக்குக் கீழே நின்றதோடு மல்லுக்கட்டி, நீலக் கதவைத் திறந்தேன். பிறகு பேனாவை எடுத்தேன். நான் எழுதி வருஷக்கணக்கு ஆகிறது.

*முடிந்தது: நீலக் கதவு.*
*பாக்கி: இல்லை.*
*பிரச்சினை: குண்டு ஆறு போச்சு.*
*குறிப்பு: மன்னிக்கவும்.*

அந்த மன்னிக்கவும் குண்டுக்கு மட்டும் எழுதியது இல்லை. மறுநாள் பதில் இருந்தது.

*எதுக்கு மன்னிப்பு? தெளிவா எழுதணும். எங்க லைன்ல இப்படி எழுதினா நோட்டு திரும்பி வரும்.*

பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சோறு ஆறிப்போனது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கடைசியில், *ஆறு குண்டுக்கு* என்று எழுதிவிட்டுப் போனேன். பஸ்ஸில் போகும்போது என்னை நானே திட்டிக்கொண்டேன்.

நோட்டு ஓடியது. அவள் நன்றாக முன்னேறினாள். நம்பர் பூட்டு எதுவும் அவளிடம் நிற்கவில்லை. ஆனால் பிரச்சினை என்ற இடத்தில் தினமும் ஒன்றையே எழுதினாள். *நாலு தடவை செத்தேன். அஞ்சு தடவை செத்தேன். கடிச்சுப் புடிச்சா விடமாட்டேங்குது.*

எனக்குப் புரியவில்லை. டைனோசர் கவ்வும்போது திரையில் சிவப்பாக ஒரு வார்த்தை விட்டு விட்டு எரியும். ஆபத்து என்று அர்த்தம். அப்போது கையில் அகப்பட்ட பட்டனையெல்லாம் படபடவென்று அமுக்கினால் அந்தப் பெண் உதறிக்கொண்டு தப்பித்துவிடுவாள். அதில் என்ன கஷ்டம்?

ஞாயிற்றுக்கிழமை அவள் ஆடினாள். நான் பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தேன். டைனோசர் கவ்வியது. சிவப்பு எரிந்தது. அவள் இரண்டு கையையும் கீபோர்டில் இருந்து வெடுக்கென்று எடுத்து, தோள் உயரத்துக்குத் தூக்கி, நாற்காலியோடு பின்னால் சாய்ந்தாள். திரையில் அந்தப் பெண் செத்துப் போனாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் மிஷினில் சிவப்பு விளக்கு எரிந்தால் அப்படித்தான் செய்ய வேண்டும். இரண்டு கையும் மேலே. ஒரு அடி பின்னால். சூப்பர்வைசர் வரும்வரை எதையும் தொடக்கூடாது. சேர்ந்த முதல் மூன்று நாள் அது ஒன்றைத்தான் பழக்குவார்கள்.

இரண்டு எட்டு வைத்தால் அவள் நாற்காலி. ஆனாலும் பேசக்கூடாது. நோட்டை எடுத்து எழுதி அவள் பக்கம் தள்ளினேன்.

*சிவப்பு வந்தா கையை எடுக்காதே. எல்லாத்தையும் அமுக்கு.*

படித்தாள். எழுதினாள். தள்ளினாள்.

*கை தானா வருது.*

*பழகினா சரியாகும்.*

அதற்கு அவள் கொஞ்சம் யோசித்து எழுதினாள்.

*பழக மாட்டேன். இந்தப் பழக்கம் போச்சுன்னா அங்க விரல் போயிடும்.*

வெங்காயம் உரித்த கையோடு நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சரிதான் என்று பட்டது. விளையாட்டுக்காக அதை மாற்றிக்கொள்ளச் சொல்ல முடியாது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஆடினாள். சிவப்பு எரிந்தது, அவள் கை மேலே போனது, நான் குறுக்கே கையை விட்டு எல்லாப் பட்டனையும் அடித்தேன். அந்தப் பெண் பிழைத்தாள். மேலே போன அவள் முழங்கை என் மூக்கில் இடித்தது. இரண்டு பேரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது, அடக்கினோம். எனக்கு வந்தது என்று எனக்குத் தெரியும். அவளுக்கு வந்தது என்று அவள் தோளைப் பார்த்தால் தெரிந்தது.

அந்த வாரம் அவள் காலை ஷிப்ட். செவ்வாய்க்கிழமை காலை நான் எழுந்தபோது கம்ப்யூட்டர் அணைக்கப்படவில்லை. ஆட்டம் ஓர் இடத்தில் நின்றுகொண்டிருந்தது. திரையில் இரண்டு வரி இங்கிலீஷ். பக்கத்தில் நோட்டு.

*முடிஞ்சது: மூணு மணி நேரம் ஆடினேன். இடையில சேவ் பண்ற ரூம் வரல.*
*பாக்கி: கூட வந்த ரெண்டு ஆம்பளைங்க ரெண்டு வழி சொல்றாங்க. ஒருத்தன் சண்டை போட்டுப் போவலாங்கிறான். ஒருத்தன் மறைஞ்சி போவலாங்கிறான். எந்த வழின்னு அவளைக் கேக்குது.*
*பிரச்சினை: இவளையாவது கேக்குறாங்க.*
*குறிப்பு: நான் எதையும் அமுக்கல. உங்களைக் கேட்டுட்டு அமுக்கலாம்னு வெச்சிருக்கேன்.*

இரண்டு தடவை படித்தேன். டீ போட்டேன். மறுபடி படித்தேன். பிறகு, *நீயே அமுக்கு* என்று எழுதிவிட்டு ஷிப்டுக்குப் போனேன்.

புதன்கிழமை காலை அதே இடத்தில் ஆட்டம் நின்றது. நோட்டில் ஒரு வரி.

*அன்னிக்கு இதைச் சொல்லியிருக்கலாம்.*

வீட்டுக்கார அக்கா கதவைத் தட்டினார். "ஒன்பது மணிக்கு கரண்ட் புடுங்கிடுவாங்கோ. மாசாமாசம் பண்றானே, அது. சாயங்காலம்தான் வரும். தண்ணி புடிச்சி வெச்சிக்கோப்பா."

மணி எட்டே முக்கால். கேள்விக்குப் பதில் சொன்னால்தான் ஆட்டம் நகரும், அதுவரை ஆடியதைச் சேவ் செய்து வைக்கும் அறை வரும். இல்லாவிட்டால் கரண்ட்டோடு அவள் ஆடிய மூன்று மணி நேரமும் போய்விடும். மேல் வரியில் நின்றால் சண்டை. கீழ் வரிக்கு இறக்கினால் மறைந்து போவது. ஒரு பட்டன். விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அமுக்கவில்லை. ஒன்பது அடித்து ஐந்து நிமிஷத்தில் மின்விசிறி நின்றது. திரை கறுத்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்து அவள் கம்பெனிக்குப் போனேன். கேட்டில் செக்யூரிட்டி ஒரு சீட்டைக் கொடுத்தார். பெயர், ஊர், யாரைப் பார்க்க, என்ன விஷயம். முதல் மூன்றையும் எழுதினேன். நாலாவதில் பேனா நின்றது. கடைசியில் உண்மையை எழுதிவிட்டேன்: *வேணாம் என்று சொன்னதைத் திருப்பி வாங்க.*

செக்யூரிட்டி அதைச் சத்தமாகப் படித்தார். "இன்னாபா இது? இன்னாத்த வேணான்ன, இன்னாத்த திருப்பி வாங்கப் போற?"

"வார்த்தைய."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொண்டாட்டி மேட்டரா?"

"ஆமா."

"மொதல்லயே சொல்றதில்லையா? உக்காரு, உக்காரு" என்று தன் நாற்காலியையே கொடுத்தார்.

எச்.ஆர். பெண் வெளியே வந்தாள். சின்னப் பெண். கழுத்தில் அட்டை.

"அன்னிக்கு வேணாம்னது நான். அவங்க இல்ல. அவங்கள யாரும் கேக்கல" என்றேன்.

"சார், அந்த பேட்ச் போயிடுச்சே."

"தெரியும்."

"அடுத்த பேட்ச் ரெண்டு மாசத்துல இருக்கு. ஆனா அவங்கதான் எழுதிக் குடுக்கணும்."

"அவங்களையே கேளுங்க. எனக்கு ஃபோன் பண்ண வேணாம்."

"அது சும்மா ஃபார்மாலிட்டி சார்" என்று சிரித்தாள். பிறகு, "எதுக்கு சார் அன்னிக்கு அப்படிச் சொன்னீங்க?" என்றாள்.

"லாரி நின்னுனு இருந்துச்சு."

அது பொய் இல்லை. முழுசும் இல்லை.

வீட்டுக்கு வந்து கம்பெனிக்கு ஃபோன் பண்ணி லீவு சொன்னேன். நோட்டை எடுத்து எழுதினேன்.

*முடிந்தது: உன் கம்பெனிக்குப் போனேன். வேணாம் என்றது நான், நீ இல்லை என்று சொல்லிவிட்டேன்.*
*பாக்கி: அடுத்த பேட்ச்சுக்கு நீ எழுதிக் கொடுக்கணும். விருப்பம் இருந்தால்.*
*பிரச்சினை: கரண்ட் போய் உன் ஆட்டம் போச்சு. நான் எதையும் அமுக்கவில்லை.*
*குறிப்பு:*

குறிப்புக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. விட்டுவிட்டுத் தரையில் படுத்தேன்.

மூன்று மணிக்கு அவள் வந்தாள். அந்த நேரத்தில் நான் வீட்டில் இருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டாள். சுவிட்சைத் தட்டிப் பார்த்தாள். கறுத்த திரையைப் பார்த்தாள். நோட்டைக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் நின்றுகொண்டே படித்தாள்.

"குறிப்பு காலியா கீதே?" என்றாள்.

ஐந்து வாரத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து கேட்டது அது.

எழுந்து உட்கார்ந்தேன். "எழுதத் தெரியல."

"ஏன் வேணாம்னீங்க? அதைத்தான் அங்க எழுதணும்."

"நீ இல்லன்னா வூட்ல நான் இன்னா பண்ணுவேன்னு தோணுச்சு."

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

அவள் தரையில் எதிரே உட்கார்ந்தாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வைதான்.

"அத என்கிட்ட சொல்லியிருந்தா ரெண்டு நாள் யோசிச்சிருப்பேன். மனசு கஷ்டப்பட்டிருப்பேன்" என்றாள். "அப்புறம் போயிருப்பேன்."

"போயிருப்பியா?"

"போயிருப்பேன் மாமா."

மாமா என்று வந்ததை நான் கவனித்தேன். காட்டிக்கொள்ளவில்லை.

"கரண்ட் போறது தெரியுந்தானே? ஏதாவது ஒன்ன அமுக்கியிருக்கலாமில்ல? மூணு மணி நேரம் ஆடினேன்."

"நீ அமுக்க வேண்டியது."

"அதுக்குன்னு? லூசா நீங்க?" என்றாள். பிறகு, "கேட்ல எப்படி உள்ள வுட்டாங்க?" என்று கேட்டாள். சீட்டில் எழுதியதைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எழுதியே குடுத்தீங்களா? நாளைக்கு லைன் பூரா இதான் ஓடும். நான் எப்படி உள்ள போவேன்?"

மறுநாள் அவள் எழுதிக் கொடுத்துவிட்டாள். நான் சொல்லி இல்லை. இரவெல்லாம் யோசித்ததாகச் சொன்னாள். எனக்குத் தெரியும், யோசிக்கவில்லை. நன்றாகத் தூங்கினாள்.

அந்த மூன்று மணி நேரத்தைத் திரும்ப ஆட இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஆடினோம். அவள் ஓட்டினாள். திரும்புவதற்கு நான் ஏதாவது சொன்னால், "ஃபோர்க் லிஃப்ட்ட உங்க கம்பெனில ஓட்டுங்க" என்பாள். சிவப்பு எரிந்தால் அவள் கை மேலே போகும், என் கை குறுக்கே வரும். மூக்கை மட்டும் தள்ளி வைத்துக்கொண்டேன்.

அந்தக் கேள்வி மறுபடி வந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சண்டை வழியை அமுக்கினாள்.

"ஏன் அது?" என்றேன்.

"எவ்ளோ நேரம் ஒளிஞ்சி ஒளிஞ்சி போயினு இருக்கிறது?"

அது கஷ்டமான வழி. ஏழு தடவை செத்தோம். அவள் தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் கிளம்புவதற்கு முந்தின வாரம் அந்தப் பெண் தீவை விட்டு வெளியே போனாள். கறுப்புத் திரையில் இங்கிலீஷ் எழுத்து மேலே ஓடியது.

"இன்னா போட்டிருக்கு?"

"யார் யார் வேலை செஞ்சாங்கன்னு பேர் போடுறாங்க."

"ஆஃப் பண்ணிடட்டா?"

"இருங்க. போடட்டும்" என்றாள். கடைசிப் பெயர் போகும் வரை உட்கார்ந்திருந்தாள்.

கம்பெனி பஸ் காலையில் ஒரகடம் கூட்டுரோட்டுக்கு வந்தது. அவளோடு இன்னும் எட்டுப் பெண்கள். சில பேரின் அப்பாக்கள் வந்திருந்தார்கள். பையை ஏற்றினேன். "மாவு கீழ்த்தட்டுல கீது. புளிக்கறதுக்குள்ள ஊத்துங்க" என்றாள். பஸ் போனது. நான் ஷிப்டுக்குப் போனேன்.

நாலு மாதம் ஆகிறது. இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. லைன் லீடர் வேலை அவளுக்குச் சரியாக வருகிறதாம். ட்ரெயினிங்கிலேயே முப்பது பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் செய்வாள். நான் டைனோசர் ஆட்டத்தைத் திறக்கவில்லை. மறைந்து போகும் வழி இன்னும் பார்க்காமல் கிடக்கிறது. தனியாகவே ஆடலாம். எனக்கு ஓட்டவும் தெரியும், அமுக்கவும் தெரியும். ஆனாலும் திறக்கவில்லை.

அவள் ஓசூர் போன முதல் வாரம் ஃபோனில், "வூடு எப்படி கீது மாமா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றேன்.

"இருக்குன்னா?"

லாரி எதுவும் நிற்கவில்லை. ஹாரன் எதுவும் இல்லை. ஒன்றரை அறை வீட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

"பெருசா இருக்கு" என்றேன்.

அவளுக்குப் பின்னால் ஹாஸ்டல் பெண்கள் பேசுவது கேட்டது.

"ம்" என்றாள். "சாப்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"சாப்பிடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

தட்டை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். ஃபோனைப் பக்கத்தில் தரையில் வைத்திருந்தேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.